நாத்தனார் அமுக்கிய நம்பர்

எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எந்த வீட்டில் யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற பெட்டி. டிவி முன்னால் உட்காருகிறவர் அதற்குரிய ரிமோட்டில் தன் நம்பரை அமுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒன்று, நான் இரண்டு, அவருடைய அக்கா மூன்று.

பெட்டி வைக்க வந்தவன் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்க முதல் தரக் குடும்பம் சார்" என்றானாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. டிவியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் அந்தப் பெட்டியை வைக்கவே மாட்டார்கள். அதனால் என்னைப் பற்றி, "டிகிரி முடிச்சிருக்கா, வீட்லதான் இருக்கா" என்று கூசாமல் சொல்லிவிட்டார். நானோ அப்போது ஸ்டுடியோவில் இருந்தேன்.

வேலைக்குப் போகிற பெண்களுக்காக இரவு எட்டு மணிக்கு நேரலையில் ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். போன வாரம் மேலதிகாரி கூப்பிட்டார்.

"நம்ம ஊர்ல வசதியான, படிச்ச இளம்பொண்ணு இருக்கிற பெட்டி வீடே நாலுதான். அதுல ஒருத்தி தினமும் எட்டு மணிக்கு அடுத்த சேனல் சீரியலைப் பாக்குறா. அப்புறம் எவன் நமக்கு விளம்பரம் குடுப்பான்?"

"அது வயசானவங்க பாக்குற சீரியல் சார்."

"வயசானவங்க என்னத்த வாங்கப்போறாங்க? அவங்கள யாரு கேட்டா? இவளுக்கு முப்பது வயசு."

எங்கள் வீட்டில் தினமும் அந்தச் சீரியலைப் பார்ப்பவர் என் நாத்தனார். அந்த முப்பது வயசுக்காரி நான்தான். வாயைத் திறந்தால், சேனல்காரியே வீட்டில் பெட்டியை வைத்துத் தில்லுமுல்லு பண்ணினாள் என்பார்கள். நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். என் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து நாத்தனாரைக் கேட்டேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது.

"ஆமா, உன் நம்பரைத்தான் அமுக்கினேன். இப்ப என்ன? கிழடுங்கதான் பாக்குதுன்னு போன வருஷம் என் சீரியலைப் பாதியில தூக்கினது உங்க சேனல்தானே? என் நம்பரை எவன் மதிக்கிறான்? நீ வீட்ல இருக்கிறதே இல்ல, உன்னுது சும்மாதானே கிடக்குது."

"எனக்கு வேலை போயிடுச்சு அண்ணி!"

வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். "அப்ப பெட்டிக்காரன்கிட்ட நான் சொன்னது பொய் இல்லன்னு ஆயிடுச்சு." அந்த இடத்திலேயே ஓர் அறை விட்டிருக்க வேண்டும். இன்னும் கை பரபரக்கிறது.

மறுநாள் எட்டு மணிக்குச் சீரியல் ஆரம்பித்தது. நாத்தனார் கையை நீட்டுவதற்குள் பெட்டி ரிமோட்டை எடுத்து மூன்றை அமுக்கினேன்.

"ஏய், என்ன பண்றே?"

"நீங்கதானே பாக்குறீங்க? உங்க நம்பர்தான். இனிமே தினமும் இதுதான்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "வேணாம்டி, இதையும் தூக்கிடுவாங்க. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எனக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு."

பிடுங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. அவர் அழுதுகொண்டே சீரியலைப் பார்த்தார். எனக்குப் பாவமாகவே இல்லை.