மேனேஜரின் கண்

ஸ்டுடியோவில் அவர் கை வைக்காத முகம் அந்த வட்டாரத்தில் கிடையாது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்காருகிறவர்களின் பருக்களை நீக்குவார். ஒரு கண் சிறுத்திருந்தால் மற்றதற்குச் சமமாக்குவார். தூக்கம் கெட்ட கண்ணிலிருந்து சிவப்பைத் துடைத்து எடுப்பார். படத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், "அப்படியே இருக்கேன்ல?" என்று கேட்பவர்களிடம், "அப்படியேதான் இருக்கீங்க" என்று முகம் மாறாமல் சொல்வார். குடியிருப்பில் அவருக்கு ஃபிளாஷ் என்று பெயர். பெரியவர்கள் ஃபிளாஷ் என்பார்கள், சிறுசுகள் ஃபிளாஷ் அங்கிள் என்பார்கள், மனைவி கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.

போன வருஷம் மழை விட்ட ஒரு காலையில், மூன்றாவது மாடி பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் எதிர் மரத்தில் ஒரு வல்லூறைப் பார்த்தார். புறா அளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, நெஞ்சில் பழுப்பு வரிகள். கீழே போகிற வருகிற எல்லோரையும் வேலைக்குத் தாமதமாக வந்தவர்களைப் பார்ப்பது மாதிரி முறைத்துக்கொண்டிருந்தது.

"அச்சு அசல் எங்க பழைய மேனேஜர்" என்றார், வாயில் நுரையோடு. அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு மனிதர் பைத்தியமாகிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாண வேலைகளுக்கு என்று வாங்கிய பெரிய லென்ஸ் பால்கனியிலேயே குடியேறியது. "துணி காயப்போட இடமில்லை, பறவைக்கு ஸ்டாண்டு வேற கேக்குதா?" என்று மனைவி முணுமுணுத்தாள். பனிக்காலத்தில் மேனேஜர் இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்ததை எடுத்தார். இலை உதிர்ந்து மரம் மொட்டையானபோது, மறைய இடமில்லாமல் எரிச்சலோடு கிளை மாறியதை எடுத்தார். வெயில் ஏறத் தொடங்கியதும் மேனேஜர் அலகில் சுள்ளி சுமந்து கூடு கட்டியதையும், கூட்டில் இரண்டு குஞ்சுகள் வெள்ளைப் பஞ்சாகத் தலை தூக்கியதையும் எடுத்தார்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. மேனேஜரின் கண் படத்தில் ஒரு நாள் நல்ல சிவப்பாக விழும், இன்னொரு நாள் மஞ்சளாக விழும். வெளிச்சம் படுத்துகிற பாடு என்று அவர் முடிவு கட்டினார். சிவப்புதான் எடுப்பாக இருந்தது. ஆகவே மஞ்சளாக விழுந்ததை எல்லாம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சிவப்பாக்கினார். முதுகில் பழுப்பு தட்டியிருந்தால் சாம்பலுக்குக் கொண்டுவந்தார். திருத்தியதை அச்சுப்போட்டுக் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் வரிசையாகக் குத்தினார். மேலே, 'தனி ஆளாகப் பிள்ளை வளர்க்கும் மேனேஜர்' என்று எழுதியும் வைத்தார். குடியிருப்பே உருகிப்போனது.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலை காவலாளி கதவைத் தட்டினார். கையில் துண்டு, துண்டுக்குள் ஒரு வல்லூறு. தலை ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது.

"மாடிப்படி கண்ணாடியில மோதிடுச்சு சார். எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

பின்னாலேயே அக்கம்பக்கத்தார் நாலு பேர் படியேறி வந்துவிட்டார்கள். எல்லோரும் ஃபிளாஷின் முகத்தையே பார்த்தார்கள். மேனேஜர் போய்விட்டதென்றால் கூட்டில் இருக்கும் இரண்டுக்கும் நாதியில்லை. உடனே கீழே இறக்கியாக வேண்டும். உயிரோடு இருக்கிறதென்றால் கூட்டுப் பக்கமே போகக் கூடாது. ஆள் போனால் தாய் மிரண்டு கூட்டை விட்டுவிடலாம் என்று எங்கோ படித்திருந்தார். எதுவாக இருந்தாலும் அவர் சொல்லில்தான் இருந்தது.

"உங்க ஆளா, பாத்துச் சொல்லுங்க ஃபிளாஷ்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் குனிந்து பாதி மூடியிருந்த இமையை விரலால் மெல்ல விலக்கினார். மஞ்சள். போன உயிர் திரும்பி வந்தது போல நிமிர்ந்தார்.

"இது மேனேஜர் இல்ல."

"நல்லாப் பாருங்க" என்றாள் மனைவி.

"கண்ணைப் பாரு, மஞ்சள். நம்ம ஆளுக்குச் சிவப்பு. உடம்பும் பாரு, இது பெருசு. எங்கேயிருந்தோ வந்த வெளியாள்."

சந்தேகம் இருந்தவர்கள் கீழே போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார்கள். அத்தனை படத்திலும் சிவப்புக் கண். வேறென்ன சாட்சி வேண்டும்? காவலாளி அந்த வெளியாளை மரத்தடியிலேயே குழி தோண்டிப் புதைத்தார். சற்று நேரத்தில் கூட்டுக்கு ஒரு வல்லூறு வந்தது, காலில் ஓணானோடு. பால்கனிகளில் கைதட்டல் கேட்டது. அவர் லென்ஸைத் திருகினார். ரத்தச் சிவப்புக் கண், ஒரு திருத்தமும் தேவையில்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

ஆனால் குஞ்சுகளின் கத்தல் நிற்கவில்லை.

"ஏங்க, இதுங்க ஏன் இன்னும் கத்துதுங்க?"

"பசிக்குது."

"அதான் சாப்பாடு வந்துடுச்சே."

அவருக்கும் அதுதான் புரியவில்லை. லென்ஸ் வழியே பார்த்தார். ஓணான் முழுசாகக் கிடந்தது. குஞ்சுகள் அதன் மேல் ஏறி விழுந்து வாயைப் பிளந்தன. மேனேஜர் திரும்பி வந்து ஒரு சிட்டுக்குருவியை வைத்துவிட்டுப் போனது. பிறகு இன்னொரு ஓணான். ஒவ்வொரு தடவையும் கூட்டின் விளிம்பில் நின்று, கத்துகிற வாய்களைப் பார்க்கும், தலையைச் சாய்க்கும், ஏதோ ஞாபகம் வந்தது போல மறுபடி பறந்துவிடும். நேற்று வரை நார் நாராகக் கிழித்து ஊட்டிய மேனேஜருக்கு இன்றைக்கு என்ன வந்தது? உடம்பு சரியில்லையா? கைதட்டினது பிடிக்கவில்லையா? ஸ்டுடியோவிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. உச்சி வெயிலில் கத்தல் மெலிந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. மனைவிதான் எங்கோ விசாரித்து ஒரு பறவை டாக்டரின் எண்ணை வாங்கிக் கொடுத்தாள்.

"கூட்டுக்கு வர்றது ஆணா, பொண்ணா?" என்று போனில் கேட்டார் டாக்டரம்மா.

"மேனேஜர்ங்க."

"யாரு?"

அவர் தட்டுத்தடுமாறி விளக்கினார். ஒரே பறவை, ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், தனி ஆளாக வளர்க்கிறது, இன்றைக்கு மட்டும் ஊட்ட மாட்டேன் என்கிறது.

"ஒத்தையா வளக்காதுங்க. ஆண் இரையைக் கொண்டுவரும், பொண்ணுதான் கிழிச்சு ஊட்டும். இவ்வளவு சின்னதுங்களுக்குத் தானாக் கிழிக்கத் தெரியாது, அப்பனுக்கு ஊட்டத் தெரியாது. பொண்ணு ஆளு பெருசா இருக்கும், கண்ணு மஞ்சளா இருக்கும். ஆணுக்குத்தான் நல்ல சிவப்பு. பொண்ணை எப்பக் கடைசியாப் பாத்தீங்க?"

அவர் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு கேமராவை எடுத்தார். போன வாரத்துப் படங்கள் இன்னும் அதிலேயே இருந்தன, ஸ்டுடியோவுக்குப் போகாமல், திருத்தப்படாமல். ஒவ்வொன்றாகத் தள்ளினார். குஞ்சுக்கு ஊட்டுகிறது, மஞ்சள். விளிம்பில் ஓணானோடு நிற்கிறது, சிவப்பு. மழைத் தூறலில் குஞ்சுகள் மேல் சிறகைக் குடையாக விரித்து உட்கார்ந்திருக்கிறது, மஞ்சள். அந்தப் படத்தின் ஓரத்தில் இன்னொரு வாலின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தால் இடைஞ்சல் என்று வெட்டியிருப்பார்.

"ரெண்டு பேரு" என்றார்.

"யாரு?"

"மேனேஜர். ரெண்டு பேரு."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ காலையில நீங்க வெளியாள்னு சொன்னது..."

அவர் பால்கனிக் கம்பி வழியே மரத்தடியில் மூடியிருந்த குழியைப் பார்த்தார்.

வெயில் சாய்வதற்குள் டாக்டரம்மா மரமேறுகிற ஒருவரோடு வந்து சேர்ந்தார். குஞ்சுகள் ஒரு பெட்டியில் இறங்கி வந்தன. டாக்டரம்மா வாசலிலேயே உட்கார்ந்து, கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினார். ஒன்று சட்டென்று வாயைப் பிளந்தது. மற்றது கண்ணையே திறக்காமல் கிடந்தது. அதன் அலகோரத்தில் ஈரத்தைத் தடவித் தடவி, வெகுநேரம் கழித்து ஒரு துணுக்கை விழுங்கவைத்தார். அதுவரை ஃபிளாஷ் மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

"காலையிலேயே கூப்பிட்டிருக்கலாமே" என்றார் டாக்டரம்மா, தலை நிமிராமல்.

"கண்ணு மஞ்சளா இருந்துச்சுங்க" என்றார் அவர். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், சும்மா இருங்கள் என்பதாக.

இரண்டும் பிழைத்துக்கொள்ளும், பறக்கிற வரை காப்பகத்தில் இருக்கட்டும் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துப் போனார்கள். அவர் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். படங்களைக் கழற்றலாம் என்று கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். இதில் எது அவள்? பனியில் உப்பிக்கொண்டு இருப்பதா? சுள்ளி சுமப்பதா? எல்லாக் கண்ணும் சிவப்பு, எல்லா முதுகும் சாம்பல். தன் கையால் செய்த காரியம் தனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு வருஷம் முழுக்கத் தினமும் பார்த்திருக்கிறார், அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே அவள் மண்ணுக்குள் போன பிறகுதான் தெரிகிறது. அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்பதில்கூடக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலை பால்கனிக் கதவைத் திறக்கவே அவருக்கு மனமில்லை. மனைவிதான் திறந்தாள்.

"ஏங்க, வந்திருக்கு."

கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, காலில் ஒரு ஓணான். காலிக் கூட்டைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. நேற்றைய ஓணானையும் குருவியையும் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கூவிவிட்டு மரத்தைச் சுற்றிப் பார்த்தது. அந்தக் கூவலைக் கேட்டுப் பறந்து வந்து இரையை வாங்கிக்கொள்ள ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது எந்த மேனேஜர்?" என்று மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வீட்டுக்காரர்" என்றார்.

பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசலில் வந்து நிற்கிற சம்பந்தியிடம் பேசுவது போல, "பிள்ளைங்க ரெண்டும் பத்திரமா இருக்குய்யா. நீ அலையாதே" என்று சத்தமாகவே சொன்னார்.

அது அவரைப் பார்த்தது. ஓணானைக் கூட்டில் வைத்தது. இன்னொன்றைக் கொண்டுவரப் புறப்பட்டது.