தைத்த காது

டைப் வகுப்பில் என் காது என் கண்ணில் படாது. பின்வரிசையில் இருப்பவர்கள்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வரி முடிந்து கைப்பிடியைத் தள்ளும்போதெல்லாம் என் தலை கொஞ்சம் அசையும். தலை அசைந்தால் காது ஆடும். சின்ன வயதில் ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடுகிற அளவுக்கு அம்மா வளர்த்த காது அது. டவுனில் மாலை வகுப்பில் சேர்ந்தபோது காதில் தொங்கிய தண்டட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன். கனம் போயிற்று, துளை போகவில்லை. இரண்டு பக்கமும் வெறும் தோல் வளையமாகத் தொங்கியது.

"ஏண்டி சொர்ணம், ஒங் காதுல ஒரு கிளி வந்து உக்காந்து ஆடலாம்டி," என்றாள் பின்னாலிருந்து அடைக்கலமேரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கெட்டவள் இல்லை. என் கைக்குட்டை கீழே விழுந்தால் முதலில் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆனால் அன்று நான் அடித்த தாளில் வரிக்கு வரி பிழை. விரல் எழுத்தில் இருந்தது, கவனம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வளர்த்த காதைத் தைத்துக் கொடுக்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னவளும் அடைக்கலமேரிதான். அவளுடைய சித்தி தைத்துக்கொண்டாளாம். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "காதாட்டந்தான் இருக்கு," என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாமோ என்று பிற்பாடு தோன்றியது.

புதுப் பைசா வந்த வருஷம் அது. ஆனி மாதத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். கையில் ஒரு படம் வைத்திருந்தேன். வாரப் பத்திரிகையில் வந்த சோப்பு விளம்பரம். ஒரு பெண் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"இந்த மாதிரி வேணுங்க," என்றேன்.

டாக்டரம்மா படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "இதில காது எங்கேம்மா இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். சுருட்டிவிட்ட முடி காதை முழுக்க மூடியிருந்தது. முடிக்குக் கீழே ஒரு ஜிமிக்கி மட்டும் தெரிந்தது. பல மாதமாகப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துப் பார்த்த படம். அதில் காதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சரி, நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்க. வளர்த்த காதில சதை கிடையாது, மெலிஞ்ச தோல்தான். வேண்டாததை வெட்டிட்டு, மிச்சம் இருக்கிறதை வச்சுத்தான் தைக்க முடியும். ரெண்டு காதும் ஒண்ணு போல வராது. உனக்கு இடது பக்கம் ரொம்பவே இழுத்திருக்கு. தழும்பு தெரியும். முதல்ல சிவப்பா இருக்கும், போகப் போக வெளுக்கும், ஆனா அழியாது. சிலருக்குத் தையல் மேலேயே பட்டாணி மாதிரி தடிச்சுப் போகும். தை மாசம் வரைக்கும் காது குத்தக்கூடாது. அப்பவும் தையல் மேல குத்தக்கூடாது, தள்ளித்தான் குத்தணும். புரியுதா?"

"புரியுதுங்க," என்றேன்.

கவனமாகக் கேட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தால், எனக்குள் போய்த் தங்கியது 'தைக்க முடியும்' என்பது மட்டும்தான் போலிருக்கிறது. சிலருக்கு என்றால், யாரோ வேறு சிலர். ஒன்று போல வராது என்றால், நானே கண்ணாடி அருகில் போய்த் தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு. இப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை, சத்தம் இருந்தது. ஈரத் துணியைக் கத்தரிப்பது போன்ற அந்தச் சத்தம் வெளியே கேட்கவில்லை, தலைக்குள் கேட்டது. முடிந்ததும் அம்மா உள்ளே வந்து டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "அறுத்ததை எங்கிட்டக் குடுத்துருங்கம்மா. நான் வளத்தது."

டாக்டரம்மா நர்ஸிடம் பஞ்சில் சுற்றிக் கொடுக்கச் சொன்னார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கொல்லையில் புதைத்தாள். என்னோடு அன்று முழுவதும் பேசவில்லை.

கட்டு அவிழ்த்த நாளில் கண்ணாடியை நானே கேட்டு வாங்கினேன். இடது காதின் மடல் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. வலது அதைவிடப் பெரிது; கீழ்ப்புறம் உருண்டையாக இல்லாமல் சற்றுச் சப்பையாக இருந்தது. இரண்டிலும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் தோல் சுருங்கியிருந்தது. தொங்கிய வளையங்கள் இல்லை, அது நிஜம். ஆனால் நான் தேடிய காதும் அங்கே இல்லை.

"நல்லாவே சேர்ந்திருக்கு," என்றார் டாக்டரம்மா. அவர் பார்த்த காதும் நான் பார்த்த காதும் ஒன்றுதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பல் விளக்கியதும் கண்ணாடி. தண்ணீர் எடுத்துவந்து குடத்தை இறக்கியதும் கண்ணாடி. ஸ்கேலை வைத்து இரண்டு மடலையும் அளந்து டைரியில் குறித்தேன். ஒரு நாள் வித்தியாசம் குறைந்திருக்கும், மறுநாள் கூடியிருக்கும். காது மாறுகிறதா, ஸ்கேலைப் பிடிக்கிற கை ஆடுகிறதா என்று தெரியவில்லை. இடது தையலின் மேல் முனையில் சின்னதாக ஒரு தடிப்பு இருந்தது. வீக்கம் என்று எழுதினேன். அடுத்தடுத்த நாட்களிலும் வீக்கம் என்றே எழுதினேன்.

வகுப்பில் அடைக்கலமேரி என் முகவாயைப் பிடித்து இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தாண்டி இருக்கு."

"உண்மையைச் சொல்லு."

"எலி கடிச்ச அப்பம் மாதிரி லேசா. கோவிச்சுக்காத. முன்னைக்கு இது எம்புட்டோ தேவல."

"கம்மல் போட்டாத் தெரியாதுடி."

சொன்ன பிறகு அந்த வார்த்தையை நானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கம்மல் போட்டால் தெரியாது. கல் சரியாகக் கோட்டின் மேல் உட்காரும். தடிப்பு கல்லுக்குப் பின்னால் போய்விடும். காதுக்குக் கம்மல் என்பது போய், கம்மல் வந்தால்தான் காது என்று ஆகிவிட்டது எனக்கு.

வீட்டில் அம்மாவுக்கு அவசரம் வேறு விதமானது. நகை இல்லாத காதை எங்கள் பக்கத்தில் மூளிக் காது என்பார்கள். கல்யாணம் ஆகாத பெண் மூளிக் காதோடு நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது. தண்டட்டி இல்லாமல் வெறும் துளையோடு நான் திரிந்தபோதே அந்தப் பேச்சு இருந்தது. இப்போது துளையும் இல்லை. ஆவணியில் அக்கா மகனுக்குக் குடுமியான்மலையில் காதுகுத்து வைத்திருந்தார்கள். "ஒரே பந்தல்ல ஒனக்கும் குத்திருவோம். எங்கண்ணன் தோடு கொண்டாரேன்னு சொல்லிருக்கு. ஆசாரி எப்படியும் வாராரு," என்றாள் அம்மா.

தை மாதம் வரை கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டவள்தான். நான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். ஞாபகப்படுத்தவில்லை. அம்மாவுக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் அந்த ஒரு இடத்தில் ஒன்றாக இருந்தது.

காதுகுத்து அன்று பந்தலில் முதலில் எனக்குத்தான் குத்துவதாக ஏற்பாடு. அதன் பிறகுதான் குழந்தைக்கு. பெரியவளுக்கு முதலில் முடித்துவிட்டால் அவளும் தோட்டோடு நின்று ஆலத்தி எடுக்கலாம் என்பது அம்மாவின் கணக்கு. பொன்னமராவதியிலிருந்து வந்திருந்த வெள்ளைச்சாமி மாமா, அம்மாவின் அண்ணன், விரித்த ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு என்னமோ சொர்ணவல்லி. காதுல ஒரு குந்துமணித் தங்கம் இல்ல. வா புள்ள இங்கிட்டு."

"மடியில எல்லாம் உக்கார மாட்டேன் மாமா."

"உக்காந்தா எந்தொடை என்னத்துக்கு ஆவும்? பக்கத்துல உக்காரு, போதும். மடின்னு நெனச்சுக்கிருவோம்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாமா இடுப்பு மடிப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்புக் கல் வைத்த தோடு ஒரு ஜோடி. அவ்வளவு அழகாக இருந்தது.

ஆசாரி குச்சியைக் குங்குமத்தில் தோய்த்து இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். நான் கண்ணாடி கேட்டேன்.

"இதுக்கு எதுக்குடி கண்ணாடி?" என்றாள் அம்மா. அக்கா எடுத்துவந்து கொடுத்தாள்.

தையலை விட்டுத் தள்ளி வைத்த இடது புள்ளி தாழ்ந்தும் வலது புள்ளி உயர்ந்தும் இருந்தன. "ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லீங்களே."

"காதே ஒரே மட்டத்துல இல்லையே தாயி," என்றார் ஆசாரி. சலித்துக்கொள்ளாமல் இடது புள்ளியைத் துடைத்துவிட்டு மேலே ஏற்றி வைத்தார். "இப்பப் பாரு."

பார்த்தேன். இப்போது இரண்டும் சரியான மட்டத்தில் இருந்தன. இடது புள்ளி தையலின் மேல் முனையில், அந்தத் தடிப்பின் உச்சியில் இருந்தது. குங்குமத்தின் சிவப்பில் தழும்பின் சிவப்பு தெரியவில்லை. ஒரு நிமிஷம் அது நான் நினைத்த காதாகவே இருந்தது. அந்த நிமிஷத்தில் குத்தியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆசாரி ஊசியை எடுக்கத் திரும்பினார். நான் விரலால் அந்த இடத்தைத் தொட்டேன். கெட்டியாக இருந்தது, உருண்டையாக. வீக்கம் இப்படி இருக்காது. வீக்கம் அமுங்கும். இது பட்டாணி.

"ஆசாரி, தையல் மேல குத்தினா நிக்குங்களா?"

"குத்துறது எம்பாடு. நிக்கிறது ஒங் காதோட பாடு."

"தள்ளிக் குத்தினா?"

"ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. பாக்குறவுகளுக்குத் தெரியும்."

"இப்பப் போயி எதுக்குத்தா இம்புட்டு ஆராய்ச்சி?" என்றார் மாமா. "நேரமாவுது, குத்துங்க ஆசாரி."

கண்ணாடியில் இருந்த சமமான இரண்டு புள்ளிகளையும் இன்னொரு முறை பார்த்தேன். பிறகு முந்தானையால் இரண்டையும் துடைத்தேன். குங்குமம் கன்னத்தில் இழுபட்டது.

"இன்னிக்கு வேணாம் மாமா. தை மாசம் குத்திக்கிறேன். தள்ளியே குத்திக்கிறேன். மேலயும் கீழயுமா இருந்தாலும் இருக்கட்டும்."

மாமா தோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமன் கொண்டாந்தது ஒனக்கு எளப்பமாப் போச்சா?"

"இல்லைங்க மாமா. காது தாங்காது."

"அம்புட்டுப் பேருக்கும் முன்னால மூளியா நிக்கப் போறியா?" என்றாள் அம்மா. "தொங்கட்டும்னு வளத்தேன், அறுத்துப்போட்ட. ஒட்டட்டும்னு விட்டேன், இப்ப குத்த மாட்டேங்கிற. ஒனக்கு என்னதாண்டி வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது கிடைக்காது என்பது அந்தப் பந்தலில்தான் தெரிந்தது. அதை அங்கே எப்படிச் சொல்வது?

மாமா பொட்டலத்தை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். "சின்னவனைக் கொண்டாங்கப்பா," என்றார் ஆசாரி. குழந்தையை அதன் தாய்மாமனான எங்கள் தம்பி மடியில் உட்கார வைத்தார்கள். அது வீறிட்டு அழுததில் பந்தல் பழையபடி கலகலப்பாகிவிட்டது. ஆலத்தித் தட்டை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. நான் பந்தி நடக்கிற பக்கம் போய் இலைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தது. மனசுதான், நான் செய்தது சரியா, தப்பா என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

மாமா சாப்பிட உட்கார்ந்தார். நான் வைத்த தண்ணீரைத் தள்ளி வைக்கவில்லை. அது கோபம் தணிந்ததா, தாகமா என்று தெரியவில்லை.

பந்தி முடிந்து கை கழுவ வந்த ஒரு அம்மாள் என்னைத் தூணோரமாக நிறுத்தினாள். அக்காவின் மாமியார் வழிச் சொந்தம், அழகி என்று பேர். அவளுடைய காதில் பாம்படம் ஆடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவள் மகள் ராசாத்தி, பதினாறு பதினேழு வயசு இருக்கும். நகையைக் கழற்றிப்போட்ட காது, வெறும் வளையமாக.

"நீதானே காதைத் தச்சுக்கிட்டவ? இவளும் தைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கொஞ்சம் காட்டுத்தா."

ராசாத்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அந்தச் சோப்புப் படத்தைப் பார்த்த மாதிரி.

"ரெண்டும் ஒண்ணு போல வராது," என்றேன். "தழும்பு போகாது. வெளுக்கும்னு சொல்றாங்க, எனக்கு இன்னும் வெளுக்கல. தோடும் ஒடனே போட முடியாது."

"தொங்காதுல்ல?" என்றாள் ராசாத்தி.

"தொங்காது."

என்னை அறியாமல் என் கழுத்து தடிப்பில்லாத வலது காதைத்தான் முதலில் அவள் பக்கம் கொண்டுபோனது. அவள் முகம் மலர்ந்தது. அதோடு விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. முடியை ஒதுக்கிவிட்டு இடது பக்கமும் திரும்பினேன்; அவள் அருகில் வந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.