தாராபுரத்துக் குரல்

காதில் ஹெட்போன் மாட்டாமல் ஆன்லைனில் பேட்டி எடுத்தால், எதிரே பேசுகிறவரின் குரல் ஸ்பீக்கர் வழியாக நம் வீட்டுக்குள் இறங்கித் தங்கிவிடும். ராஜபாளையம் பூங்கோதைக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தாள். எல்லாம் ஒரு ஜிமிக்கியால் வந்தது.

பூங்கோதை ‘காது குடுங்க’ என்று ஒரு யூடியூப் சேனல் நடத்திவந்தாள். குரலை வைத்துப் பிழைக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, வீட்டில் இருந்தபடியே வீடியோ காலில் பேட்டி எடுத்துப் போடுவாள். கைக்கு அடக்கமான ஸ்டூடியோதான். கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு காலர் மைக், அதன் தலையில் ஒரு ஸ்பாஞ்சுத் தொப்பி. கேமரா முகத்துக்கு நேராக வரவேண்டும் என்று அரிசி டப்பாவின் மேல் லேப்டாப். சத்தம் சுவரில் மோதித் திரும்பக்கூடாது என்பதற்காகப் படுக்கையறை ஜன்னலை அடைத்து இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தினாள். கொடி கட்டி ஜமுக்காளம் தொங்கவிட்டாள். மடித்து வைத்த சேலைகள் எதிரொலியைக் குடிக்கும் என்று யாரோ சொன்னதால் பீரோவையும் திறந்து வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். மாடி வீட்டுக்கு ஏறிப்போய், "அக்கா, கொஞ்ச நேரம் மிக்ஸி போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டும் வந்தாள். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவள்தான்.

அன்று பேட்டிக்கு ஒத்துக்கொண்டவர் தாராபுரம் நாட்டுதுரை. அங்கே பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து ஊர்ப்பெயர் சொல்கிறவர். அவர் சொன்னால்தான் பஸ் கிளம்பும். டிரைவர் உட்கார்ந்திருப்பார், இன்ஜின் உறுமும், ஆட்களும் ஏறியிருப்பார்கள். நாட்டுதுரை வாயில் ஊர்ப்பெயர் வராதவரை சக்கரம் அசையாது. வாலிப வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், தலை நரைத்த பிறகும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஹெட்போனை மாட்டியதும் பூங்கோதையின் ஜிமிக்கி அதில் இடித்தது. தலையை ஆட்டும்போதெல்லாம் டிக் டிக்கென்று மைக்கில் விழுந்தது. ஒன்று ஜிமிக்கியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் ஹெட்போனை. ஜிமிக்கி புதுசு. கேமராவில் அவ்வளவு எடுப்பாக விழுகிறது. நீங்களே சொல்லுங்கள், யார் கழற்றுவார்கள்? ஹெட்போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திறந்துவிட்டாள்.

"வணக்கமுங்க" என்றார் நாட்டுதுரை. குரல் இறங்கிவிட்டது.

பேட்டி என்னவோ அருமையாக அமைந்தது. முடியும்போது திரையில் நாட்டுதுரையின் வாய் மட்டும் அசைந்தது. அவர் தொண்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

குரல் மெத்தையில் குடியேறியது. தொந்தரவான குரல் இல்லை. ஆனால் பழக்கம் விடுமா? பூங்கோதை எழுந்தால் போதும், "அடுக்களை, அடுக்களை! ஹால் வழி அடுக்களை! ஏறுங்க, ஏறுங்க!" என்று கூவும். அது கூவிய பிறகுதான் அவளுக்குக் கால் நகர்ந்தது. மில்லில் ஷிஃப்டு முடிந்து வந்த அவள் கணவன் ராமசுப்பு, பாத்ரூம் போகவேண்டும் என்று வெகுநேரம் ஹாலிலேயே நின்றான்.

"யாரு கோதை, வந்திருக்கறது?"

"பேட்டி குடுத்தவரோட குரலுங்க."

"அப்படியா. பாத்ரூம் எப்ப எடுப்பாராம்?"

"கொல்லைக்குப் போறதும் பாத்ரூமுக்குப் போறதும் ஒண்ணாத்தான் எடுப்பாராம். பொறுங்க."

அவனும் பொறுத்தான். இருந்தும் அவர்களுக்குள் சண்டை வரவில்லை. சண்டைக்கு ஒருவர் பக்கம் இன்னொருவர் போக வேண்டுமே, அதற்கும் அறிவிப்பு வேண்டும்.

மறுநாள் தாராபுரத்திலிருந்து நாட்டுதுரையின் மனைவி சரசாத்தாள் போன் செய்தார்.

"அம்மிணி, எங்கூட்டுக்காரர் குரல் அங்கீங்களா இருக்குது?"

"ஆமாம்மா. இங்கதான் இருக்கு. நல்லா இருக்கு" என்றாள் பூங்கோதை. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"அது நல்லா இருந்து என்னங்க பண்றது? இங்க ஒரு பஸ்ஸும் கெளம்பலீங்க. ஏறுன சனம் ஏறுனபடி உக்காந்திருக்குது. பஸ் முதலாளிங்க சங்கத்துல வெள்ளிக்கெழம மெஷின் வெக்கறாங்களாம். மெஷின் பேச ஆரம்பிச்சா இவரை ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. ஊட்டுல உக்காந்து இவரு என்னங்க பண்ணுவாரு? வேற ஒண்ணும் தெரியாதுங்களே."

பூங்கோதை போனை வைத்தாள். ஒரு ஜிமிக்கிக்காக ஒரு மனிதரின் நாற்காலியைப் பறித்துவிட்டோமே என்று உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவ எழுந்தபோது குரல் அவளுக்காக மெதுவாகத்தான் கூவியது.

வந்த வழியே அனுப்பிவிடலாம் என்று முதலில் பார்த்தாள். வீடியோ காலைப் போட்டு, மைக்கை மெத்தையோரம் வைத்து, "போயிருங்கய்யா" என்று கெஞ்சினாள். குரலும் முயன்றது. பஸ் ஸ்டாண்டு முழுக்க நிறையும் குரல், கடலைப்பருப்பு மைக்கில் எப்படி நுழையும்? அந்தப் பக்கம் நாட்டுதுரை வாயில் ‘ங்க’ மட்டும் வந்தது. அதுவும் கொசு ரீங்காரம் மாதிரி. பெரிய மைக் வாங்கலாம் என்றால் அது வேறு பட்ஜெட். நேரில் கொண்டுபோய் விடுவதைத் தவிர வழியில்லை.

மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டும்போது குரல் முரண்டு பிடித்தது.

"நான் வரலீங்க. இத்தன வருசமா ஊரூரா பேர் சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டே இருந்தேன். நான் ஒரு ஊரு பாத்ததில்லீங்க. இப்பத்தான் மொதமொதல்ல வெளியூர் வந்திருக்கேன்."

"போற வழியில எல்லா ஊரும் வரும்யா. காட்டிக்கிட்டே போறேன்."

"ஜன்னலோரமா வெப்பீங்களா?"

"வெக்கிறேன்."

மதுரை போகும் பஸ்ஸில் மெத்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்தாள். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். சாமான் டிக்கெட் போடட்டுமா, ஆள் டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் கேட்டார். பூங்கோதை ஆள் என்றாள்.

மதுரை வந்தது.

"இதுதானுங்களா மதுர?"

"இதுதான்யா."

"நான் சொல்றப்ப இதவிடப் பெருசா இருக்குமுங்க."

பஸ் மாறினார்கள். ஒட்டன்சத்திரத்திலும் அதே கதைதான். தான் சொல்லும்போது அந்தப் பெயருக்குள் காய்கறி வாசம் அடிக்கும் என்றும், இங்கே டீசல் வாசம்தான் அடிக்கிறது என்றும் குறைபட்டது. அதற்குப் பிறகு குரல் எந்த ஊரையும் பற்றிக் கேட்கவில்லை. மெத்தைக்குள் புரண்டு படுத்துக்கொண்டது. பூங்கோதை அதைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தாள்.

அந்த பஸ் தாராபுரத்துக்குள் நுழைந்ததும் தன் முறைக்கு மற்ற பஸ்களின் பின்னால் போய் நின்றுகொண்டது. பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏறியவர்கள் ஏறியபடி இருந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் துணி காயப்போட்டிருந்தார்கள். கரூர் பஸ்ஸில் யாருக்கோ வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. பூங்கோதைக்கும் ஒரு பொட்டலம் தக்காளிச் சாதம் கொடுத்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. சங்கச் செயலாளர் ஆறுச்சாமி மெஷினுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, பட்டனை அழுத்தினார். ஏதோ ஒரு பெண்ணின் குரல் சுத்தமாக ஊர்ப்பெயர்களைச் சொன்னது. ஒரு பிழையும் இல்லை. டிரைவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் கியரைத் தொடவில்லை.

"நாலு நாள் போனா பழகிருமுங்க" என்றார் ஆறுச்சாமி.

நாட்டுதுரை தன் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. உட்கார உரிமை உண்டா இல்லையா என்று தெரியாத நிலை. பூங்கோதை மெத்தையை அவர் காலடியில் இறக்கிவைத்து, "தப்பு என் மேலதான்யா, மன்னிச்சுருங்க" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

குரல் வெளியே வரவில்லை. சரசாத்தாள் எங்கிருந்தோ ஒரு கம்பு கொண்டுவந்து மெத்தையை இரண்டு சாத்துச் சாத்தினார். பஞ்சு பறந்தது. "ஊரு சுத்துனது போதும், வந்து சேரு" என்று இன்னொன்று வைத்தார். நாட்டுதுரைக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தார்கள். செருமினார். நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை எடுத்தார்.

"பழனி, பழனி! ஒட்டன்சத்திரம்! காங்கேயம் வழி ஈரோடு! ஏறுங்க, ஏறுங்க!"

அடடா, அந்தக் குரலை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது பூங்கோதைக்கு இது புரியவில்லை. பழனி என்றால் மலையே எழுந்து நின்றது. அவளுக்கே ஏறிப் போய்விடலாம் போலிருந்தது. பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கரூர் பஸ் வளைகாப்போடு போனது. கடைசி பஸ்ஸும் போய், பஸ் ஸ்டாண்டு துடைத்துவிட்டது போல் ஆனது.

ஆறுச்சாமி கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"இன்னைக்கு சமாளிச்சுட்டீங்க. சந்தோசம். ஆனா தீர்மானம் போட்டது போட்டதுதானுங்க. நாளையிலிருந்து மெஷின்தான். நீங்க ஊட்டுல நிம்மதியா இருங்க."

சரசாத்தாள் கம்பைக் கீழே போட்டார். நாட்டுதுரை கோபப்படவில்லை. மைக்கைக் கீழே வைக்கவும் இல்லை. எதிரே இருந்த டீக்கடையை, பழக்கடையை, மணிக்கூண்டை, தன் தெருவை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் சொல்லாத ஊர்ப்பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாராபுரத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை.

"தாராபுரம்" என்றார். "தாராபுரம், தாராபுரம்! ஏறுங்க, ஏறுங்க! தாராபுரம் கெளம்புது!"

முதலில் டீக்கடைக் கண்ணாடிக் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. பிறகு தாராபுரம் லேசாகக் குலுங்கி, முன்னே ஓர் அடி நகர்ந்து, நிதானமாக வேகம் பிடித்தது. வெளியூர் போன பிள்ளைகள் வழியில் ஏறிக்கொள்ளட்டும் என்று சிலர் ஓடிவந்து வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார்கள். வயர் நீளம் பத்தாமல் மெஷின் பிடுங்கிக்கொண்டு, மாலையோடு ரோட்டிலேயே நின்றுவிட்டது. கீழே நின்றிருந்த ஆறுச்சாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி, நகராட்சிக் கட்டடத்தின் படியைப் பிடித்துத் தொற்றி ஏறினார். மூச்சு வாங்க நாட்டுதுரையிடம் வந்து நின்றார்.

"அண்ணா, எந்த வழியிலீங்க போகுது?"

"நான் இன்னும் சொல்லலீங்க" என்றார் நாட்டுதுரை. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ஆறுச்சாமி நாற்காலியின் தூசியைத் துண்டால் தட்டிவிட்டார்.

பூங்கோதை சரசாத்தாளின் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். காற்று நன்றாக வந்தது. ராமசுப்பு போன் செய்தான்.

"கோதை, எங்க இருக்க?"

"தாராபுரத்துலதாங்க."

"தாராபுரம் எங்க இருக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தான் பழனியைத் தாண்டுது."