கிடைத்துவிட்ட வண்டி

திருட்டுப் போன கார் திரும்பக் கிடைத்தால் மனுஷிக்குச் சந்தோஷம் வர வேண்டும். சிஸ்டருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் பெரியவர் ஒருவரின் புண் பிடித்த கால். கைப்பைக்குள் போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டு முடித்து, கையைக் கழுவி, எடுத்துப் பார்த்தால் இன்சூரன்ஸ் ஆபீஸ்.

“மேடம், உங்க வண்டி கிடைச்சிருச்சு,” என்றான் அதிகாரி. பரிசு விழுந்த செய்தியைச் சொல்கிற குரல்.

ஊரில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, ட்யூப் மாற்றுவது என்று இறங்கிப் பல வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட புருஷனே இப்போது சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். அதிலுள்ள அபத்தத்தை நினைத்து இரண்டு பேரும் ஒரு காலத்தில் சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

கார் போய் ஐந்து மாதமாகிறது. ஒரு நோயாளி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது வெறும் தெருதான் இருந்தது. அன்றிலிருந்து மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குகிறாள். முழங்கால் இரண்டும் தினமும் சண்டைக்கு வருகின்றன. தூரத்து வீடுகளை விட்டாகிவிட்டது. படுக்கையில் கிடக்கிறவர்களிடம் “இனிமே வர முடியாது” என்று சொல்வதைப்போல ஒரு கேவலம் அவளுக்கு வேறில்லை.

அதிகாரி விளக்கினான். “பணத்தை நாங்க கொடுத்துட்டோம், அதனால வண்டி இப்ப கம்பெனியோடது. ஆனா முதல் உரிமை உங்களுக்குத்தான். நாங்க ஒரு விலை சொல்வோம். வேணும்னா எடுத்துக்குங்க, வேணாம்னா ஏலத்துக்குப் போயிரும். ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னாள். புருஷன் வயர்மேன், இருபது வருஷமாக ஊரார் வீட்டு மின்விசிறிகளோடும் மோட்டார்களோடும் மல்லுக்கட்டுகிறவர். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

“அதை எதுக்குப் போய்ப் பாத்துக்கிட்டு? எவனெவனோ உக்காந்த வண்டி. மனசுக்கே ஒட்டாது சிஸ்டர்.”

மகனும் ஒத்து ஊதினான். “அப்பா சொல்றது சரிம்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. கடை பிக்கப் ஆகட்டும், நானே உனக்குப் புதுசா ஒண்ணு எடுத்துத் தரேன்.”

சிஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பெற்ற பிள்ளை இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் குளிராது? அவனுடைய செல்போன் ரிப்பேர் கடையே இன்சூரன்ஸ் பணத்தில் வந்ததுதான். அதற்கு முன்பு ஒரு வருஷம் வேலை இல்லாமல் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தான். அப்போது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வந்து, காரை விற்றுக் கடை வைக்கலாமா என்று கேட்டார்கள். “வண்டியில கை வெக்காதீங்க, அது என் காலு” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். பிறகு காரும் போய், பணமும் வந்தபோது, போனதுதான் போயிற்று, பிள்ளைக்காவது உதவட்டும் என்று முழுவதையும் அவனிடமே எடுத்துக் கொடுத்தாள்.

ஆனாலும் மறுநாள் போனாள். பார்ப்பதற்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை.

யார்டு என்று அவர்கள் சொன்னது, தகரத் தடுப்பு போட்ட ஒரு பொட்டல். நசுங்கியது, எரிந்தது, வெள்ளத்தில் ஊறியது என்று வண்டிகள் வரிசையாக நின்றன. அவளுடையது கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் ஓட்டை. மற்றபடி புழுதியைத் துடைத்தால் பழைய ஆள்தான். மூடிக் கிடக்கும் ஏதோ ஒரு மில்லின் பின்புறம் கிடந்ததாம். அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு தகர டப்பாவுக்காக அழுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“ஒரே ஒரு விஷயம் மேடம், ஸ்டார்ட் ஆகலை,” என்றான் அதிகாரி. அவனுக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். “புது பேட்டரி மாட்டியும் மூச்சு விடல. அதனாலதான் காயலான் கடை விலை போட்டிருக்கோம். உங்களுக்கு லாபம்தான்.”

இன்சூரன்ஸ் பணம் வாங்கும்போது அவள் ஒப்படைத்திருந்த சாவியையே போட்டுத் திருகிக் காட்டினான். ஒரு விளக்குகூட எரியவில்லை. அதற்குள் அவனுக்கு ஒரு போன் வர, சாவியைத் திருகியபடியே விட்டுவிட்டு, பேசிக்கொண்டே தள்ளிப் போனான்.

சிஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். மனம் எதையும் நினைக்கவில்லை. கை தானாகவே இருக்கைக்கு அடியில் போனது. அங்கே விரிப்பைக் கொஞ்சம் தூக்கி, ஒரு சின்னத் தகட்டை நகர்த்தி, ஒற்றை விரலை உள்ளே விட்டால்தான் தட்டுப்படுகிற ஒரு ஸ்விட்ச் உண்டு. வயர்மேனின் கைவண்ணம். அதை அணைத்துவிட்டால் காரில் கரண்டே ஓடாது. “இது நம்ம மூணு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது” என்று மாட்டிய அன்றே சொல்லியிருந்தார். மகன் அணைக்க மறந்து இறங்கும்போதெல்லாம் வாசலில் நிற்க வைத்துத் திட்டுவார். திட்டித் திட்டியே மூன்று பேருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது.

ஸ்விட்ச் அணைந்திருந்தது.

அவள் அதைப் போட்டாள். முன்பலகையில் சிவப்பும் பச்சையுமாக எல்லா விளக்குகளும் எரிந்தன. சட்டென்று அணைத்தாள். அதிகாரி அந்தப் பக்கம் திரும்பி யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். சிஸ்டர் தகட்டை மூடி, விரிப்பைப் பழையபடி இழுத்துவிட்டாள்.

காரைத் திருடியவன் அந்த ஸ்விட்சை எப்படியோ கண்டுபிடித்தான் என்றே வைத்துக்கொள்ளலாம். கார் போனபோதே அவள் கேட்டதற்கு வயர்மேன், “அவனுங்களுக்குத் தெரியாத வயரிங்கா” என்றார். அதோடு, “வயரிங்ல கை வெச்சது தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா தரமாட்டான், ஸ்விட்சைப் பத்தி மூச்சு விடாதே” என்றும் சொன்னார். அவளும் மூச்சு விடாமல் கையெழுத்துப் போட்டாள். சரி. ஆனால் திருடிக்கொண்டு போன வண்டியை ஒரு மறைவில் கொண்டுபோய் விட்டுவிட்டு, இறங்கும்போது வேறு எவனும் திருடிவிடக் கூடாது என்று ஒருவன் பத்திரமாக ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவானா? திட்டு வாங்கிப் பழகியவன்தான் அப்படி அணைப்பான். அல்லது திட்டியவர்.

அதிகாரி திரும்பி வந்தான். “என்ன மேடம், முகமே வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம் சார். வெயிலு.”

“நாளைக்குள்ள சொல்லிடுங்க. நீங்க வேணாம்னுட்டா, நாளன்னைக்கு எங்க மெக்கானிக் வந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாப்பாரு. ஏன் ஸ்டார்ட் ஆகலைன்னு ரிப்போர்ட் எழுதாம ஏலத்துக்கு விட முடியாது.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மற்ற நாளாக இருந்தால் அதுவே பெரிய பாக்கியம். இன்று உட்கார்ந்ததுகூடத் தெரியவில்லை. யாருடைய காலாவது பட்டு அணைந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தகட்டுக்கு உள்ளே கால் போகாது. போலீஸ்காரர்கள் நோண்டியிருப்பார்கள் என்றும் நினைத்துப் பார்த்தாள். நோண்டத் தெரிந்தவன் ஸ்டார்ட் செய்தே கொண்டுவந்திருப்பானே, எதற்குக் கட்டி இழுத்து வர வேண்டும்? புண்ணைப் பார்த்தவுடனே அது எத்தனை நாளாக அழுகுகிறது என்று சொல்கிறவள் அவள். தன் வீட்டில் அழுகியது மட்டும் மூக்குக்கு எட்டவில்லை.

இரண்டு பேரில் ஒருவர் என்பதுவரை வந்துவிட்டாள். யார் என்பதுதான் பாக்கி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இருந்தது. வயர்மேனை யார் கூப்பிட்டு ஃபேன் ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை என்றாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான்: “ஸ்விட்ச் போட்டுப் பாத்தீங்களா?” பாதிப் பேர் அசடு வழிவார்கள். அப்பாவைப் பார்த்துப் பார்த்து மகனுக்கும் அதே வாய். செத்துப்போன செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அவனும் அதைத்தான் கேட்கிறான். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் சொல்வோம். எவர் மனதில் கள்ளம் இல்லையோ, அவர் அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார். ஒருவர் கேட்டால் போதும், மீதி ஒருவரை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் நுழையும்போதே யாரை இழக்கத் தயார் என்று மனம் கணக்குப் போட்டது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது. புருஷனா, பிள்ளையா? இரண்டு கண்ணில் எது என்று யாராவது கேட்பார்களா? அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு பரிமாறிவிட்டு உட்கார்ந்தாள்.

“வண்டியைப் பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்தான் ஆகல.”

வயர்மேன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. மகன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“புது பேட்டரி மாட்டியும் ஒண்ணும் ஆகலங்க.”

“இஞ்சின் போயிருக்கும்,” என்றார் வயர்மேன். “மழையிலயும் வெயில்லயும் கிடந்தா அப்படித்தான்.”

இன்னும் எவ்வளவுதான் எடுத்துக் கொடுப்பது? வாய்க்குள் ஊட்டிவிடாத குறைதான். “உள்ள லைட்டுகூட எரியலங்க. கரண்டே வரல,” என்றாள்.

இருபது வருஷமாகக் கரண்ட்டில் சோறு தின்கிறவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் அப்பாவைப் பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் தெரியாதவர்கள் பார்த்துக்கொள்வதுபோல் ஒரே ஒரு கணம்தான். அதற்குள் இரண்டு பேருமே தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

“செத்த வண்டிம்மா அது. விட்டுரு,” என்றான் மகன்.

“ஆமா சிஸ்டர், விட்டுத் தள்ளு,” என்றார் வயர்மேன்.

இரண்டு பேரில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டு வந்தாளே, அவளைப்போல ஒரு பைத்தியக்காரி உண்டா? மூன்று பேருக்குத் தெரிந்த ரகசியம் என்று சொன்னதெல்லாம் அந்த ஸ்விட்சோடு சரி. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் வேறொன்று இந்த வீட்டில் ஐந்து மாதமாக அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்திருக்கிறது. அவள் பஸ்ஸில் தொங்கியதை இரண்டு பேரும் பார்த்தார்கள். முழங்காலுக்கு வயர்மேன் தைலம்கூடத் தேய்த்துவிட்டார். அந்தத் தைலத்தை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

கத்தலாம். கத்தி என்ன ஆகப் போகிறது? போலீசுக்குப் போனால் பிள்ளை கையில் விலங்கு. தாளில் இருக்கிற கையெழுத்து அவளுடையது. வீட்டை விட்டுப் போனால் எங்கே போவது? வேண்டாம் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டால், நாளை மறுநாள் மெக்கானிக் விரிப்பைத் தூக்குவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டு பேரைக் காப்பாற்றுகிற வேலை அவள் தலையில்தான் விடிந்தது. கோபப்படக்கூட அவளுக்கு வசதி செய்து வைக்கவில்லை அவர்கள்.

காலையில் வயர்மேன் வேலைக்குப் புறப்பட்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மகன் கடைச் சாவியைக் கையில் எடுத்திருந்தான். இரண்டு பேரும் இருக்கும்போதே சிஸ்டர் கூடத்தில் நின்று போன் போட்டாள்.

“சார், வண்டியை நானே எடுத்துக்கறேன். பணம் இருக்கு. எனக்குன்னு ஒரு டெபாசிட் வெச்சிருந்தேன், அதை உடைச்சிடறேன்.”

“நல்ல முடிவு மேடம்,” என்றான் அதிகாரி. குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “ஓடாத வண்டியாச்சே, எப்படிக் கொண்டு போவீங்க? கட்டி இழுக்க ஆள் சொல்லவா?”

“வேணாம் சார். எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். அவரும் பையனும் வருவாங்க. அதை எப்படி ஓட்டிட்டுப் போறதுன்னு அவங்களுக்குத் தெரியும்.”

போனை வைத்தாள். வயர்மேன் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறுமையுமாக உட்கார்ந்திருந்தார். மகன் கையில் இருந்த சாவி நழுவியது, அவன் குனிந்து எடுக்கவில்லை.

“அம்மா,” என்றான்.

அவள் காத்திருந்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்திருந்தால், அது எந்த வார்த்தையாக இருந்தாலும், பிடித்துக்கொண்டிருப்பாள். வரவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் ஷூவின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவருக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது. மருந்துப் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் யார்டுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்.