ஊசித்தடம்

தனியாகச் சாப்பிட்டால் டெய்லருக்குத் தொண்டையில் இறங்காது. இருபது வருஷமாக மனைவி எதிரே உட்கார்ந்து ஊர்வம்பு அளக்க, அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவர். அவளுக்கு இந்தப் பாழாய்ப்போன இளைக்கிற ஆசை வந்ததிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் அவள் நடக்கப் போய்விடுகிறாள். இவர் சுவரைப் பார்த்து மென்றுகொண்டிருக்கிறார்.

எடை மெஷினை அவள் நம்பமாட்டாள். பழைய நீலச் சட்டைதான் அவளுக்குக் கணக்கு. ஞாயிறு தவறாமல் போட்டுப் பார்ப்பாள். முதல் மாதமே தொளதொளவென்று ஆகிவிட்டது. "பாத்தீங்களா!" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். இவருக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்குத்தான் மனுஷனுக்குப் புத்தி கெட்டது. இளைக்கவில்லை என்று தெரிந்தால் சலித்துப்போய்ச் சாப்பிட வந்துவிடுவாள் அல்லவா? வாராவாரம் சட்டையின் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டிவைத்தார்.

"இம்மிகூட இளைக்கலையே!" அவள் கண் கலங்கினாள்.

"உன் உடம்பு வாகு அப்படிம்மா. விடு, வந்து சாப்பிடு" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

அவளோ காலைச் சாப்பாட்டையும் விட்டாள். தையல் தொடங்கிய ஏழாவது வாரம், வேலை செய்யும் தபால் ஆபீஸ் கவுன்ட்டரிலேயே மயங்கி விழுந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டெய்லர் தையல் அத்தனையையும் பிரித்தார். வீடு திரும்பியவள் முதல் வேலையாகச் சட்டையைப் போட்டாள். கோணிப்பை மாதிரி தொங்கியது. கழற்றி உள்பக்கம் திருப்பினாள். பிரித்த தையல் துணியில் தடம் விடும் என்று இத்தனை வருஷம் டெய்லரோடு குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? ஒன்றையடுத்து ஒன்றாக ஏழு வரிசை.

"பட்டினி கிடந்தேங்க. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"கூடச் சாப்பிட ஆள் இல்லாமத்தான்மா..."

அன்றிலிருந்து மூன்று வேளையும் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு அவருக்கு மண்ணாக இருந்தது.

அடுத்த வாரம் எதிர்த்தெரு டெய்லர் போன் செய்தான்.

"அண்ணே, அண்ணி ஆபீஸ் யூனிஃபார்ம் தைக்க இங்க வந்திருக்காங்க. கோபமா என்ன? அவங்க அளவு உங்ககிட்ட இருக்குமே, சொல்லுங்களேன்."

இவர் வாயைத் திறப்பதற்குள் போனில் அவள் குரல் கேட்டது.

"அவர் சொல்ற அளவு வேணாம் தம்பி. நீங்களே எடுங்க."