கங்காணிக்கு ஒரு பலகை

ஞானஜோதி தகர டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே கிடந்த கூழாங்கற்கள் கடகடத்தன. அடுப்பு மேடையில், தோசைமாவுச் சட்டிக்குப் பக்கத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த பூனை ஒரே தாவலில் கீழே குதித்து முன்னறைக்கு ஓடியது. ஓடும்போது ஒருமுறை திரும்பி அவளைப் பார்க்கவும் மறக்கவில்லை. பார்வையா அது! சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் இரு என்பதுபோல இருந்தது.

பூனைக்குப் பெயர் கங்காணி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியைப்போல, மற்றவர்கள் குனிந்து பாடுபட, தான் மட்டும் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அதன் குணத்துக்காக ஷிஜி வைத்த பெயர். ஷிஜி இந்த வீட்டுக்காரன் ஷைஜுவின் முதல் மனைவி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். ஓணம் கழிந்து ஷைஜுவைக் கட்டிக்கொண்டு மறையூரிலிருந்து மூணாறு எஸ்டேட்டின் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்த ஜோதிக்கு, அவள் விட்டுப்போனவையாக மூன்று கிடைத்தன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அதிகம் பேசாத புருஷன், பன்னிரண்டு வயது நிமி, இந்தக் கங்காணி. மூன்றில் புருஷன்தான் சுலபமாகப் பழகினான்.

பூனையை வெளியே விரட்டிவிடவும் வழியில்லை. லயத்துக்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் தேயிலைக்காடு. அங்கிருந்து இறங்கிவந்த புலி கங்காணியின் தாயைக் கோழிக்கூண்டுப் பக்கத்திலேயே வைத்துக் கவ்விக்கொண்டு போனதை நிமி கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து குட்டி வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. அதற்குக் கழிக்கக் குளியலறை ஓரத்தில் மண் நிரப்பிய பேசின். அந்த மண்ணைக் கிளறிய காலோடு நேராக வந்து அடுப்பு மேடையில் ஏறுவதைத்தான் ஜோதியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சப்பாத்திக் கட்டையில் பூனைமுடி ஒட்டியிருந்தால் யாருக்குத்தான் வயிற்றைப் புரட்டாது? வந்த மறுநாளே, நிமியும் சமையலறையில் இருக்கும்போது, சற்று உரக்கவே சொல்லிவிட்டாள்: "இனிமே இந்த மேடையில எவரும் ஏறப்படாது. ஆமா, சொல்லிட்டேன்." சொன்னது பூனைக்கு.

போனில் பார்த்து எலுமிச்சைத் தோலைப் பரப்பிவைத்தாள். கங்காணி அதைப் பந்தாக உருட்டி விளையாடியது. அலுமினியத் தாளை விரித்துவைத்தாள். அதன்மேல் படுத்து உறங்கியது. கடைசியில்தான் தனக்குத் தெரிந்த வித்தைக்கு வந்தாள். மறையூரில் அவளுடைய அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. யானைக்கும் பன்றிக்கும் குரங்குக்கும் பரண்மேல் ஏறித் தகரம் தட்டி வளர்ந்தவள் அவள். யானையையே விரட்டிய கைக்கு ஒரு பூனை எம்மாத்திரம்?

தகரம் வேலை செய்தது. ஜோதி வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் மேடை சுத்தமாக இருந்தது. ஆனால் கொழுந்தெடுக்கப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், விறகடுப்பை ஒட்டிய மூலையில் சின்னச் சின்ன மண்காலடிகள் இருக்கும். நிமி பள்ளிக்கூடம் விட்டுச் சீக்கிரமே வந்துவிடுவாள். அவளிடம் கேட்டால், "தெரியல" என்பாள். அவள் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். சித்தி என்றோ வேறெதுவாகவோ கூப்பிட்டதில்லை. தட்டை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் டிவி முன்னால் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் ஜோதியை உள்ளுக்குள் அரித்தது. வாயாடுகிற பிள்ளையாக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டியாவது ஒட்டிக்கொள்ளலாம்.

கெடுவும் ஒன்று இருந்தது. பூப்பாறையில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கும் நிமியின் பெரியம்மா சந்தனமேரி, கல்யாணத்தன்றே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸ் பரீட்சை முடியட்டும், பிள்ளைக்கு இங்கே ஒத்துவரவில்லை என்றால் நான் கூட்டிப்போய் அங்கேயே பள்ளிக்கூடம் சேர்த்துவிடுகிறேன் என்று. "கங்காணியையும் கொண்டாருவேன்" என்று மட்டும் நிமி சொல்லியிருந்தாள். சந்தனமேரி தலையாட்டிவிட்டாள். ஜோதிக்குப் பிள்ளை போகக் கூடாது. ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அல்ல. முப்பத்தாறு வயதுவரை யாருக்கும் அம்மாவாக இல்லாமல் இருந்துவிட்டு வந்தவளுக்கு, ஈரத்தலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடும் அந்தப் பிள்ளையைக் கண்ட நாளிலிருந்து துண்டை எடுத்துத் துவட்டிவிட வேண்டும்போல் இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் அவள் படியிறங்கியிருப்பாள்.

ஐப்பசி மழை கனத்த ஒருநாள், மலையில் நிற்க முடியாமல் எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ஜோதி பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். சமையலறை ஜன்னல் வழியாகத் தற்செயலாகத்தான் பார்த்தாள்.

விறகடுப்பில் தணல் கிடந்தது. மேடையின் மூலையில் நிமி உட்கார்ந்திருந்தாள். கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. குதிகால் கீழ் அலமாரிக் கதவில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. மடியில் கங்காணி, கையில் பாடப்புத்தகம். எதையோ வாய்க்குள் படித்துப் பூனையிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை ஜோதி இதற்குமுன் பார்த்ததே இல்லை. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சொந்த வீட்டில் இருக்கிற முகம்.

கொண்டியை நீக்கிய சத்தம்தான். பிள்ளையும் பூனையும் ஒரே நேரத்தில் மேடையிலிருந்து குதித்தன. ஒரே ஓட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாக, அதே கதவிடுக்கு வழியாக முன்னறைக்குப் போய்விட்டன. ஜோதி உள்ளே வந்தபோது மேடையின் மூலை வெதுவெதுப்பாக இருந்தது. ஈரக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தகரச் சத்தத்துக்கு ஓடிய யானை எங்கேயும் போய்விடுவதில்லை. காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பரணில் ஆள் இல்லாத நேரத்தில்தான் கரும்பு தின்ன வரும். இது தெரியாதவளா அவள்? தெரிந்தும் செய்திருக்கிறாள்.

அன்று ஷைஜு வேலை முடிந்து வந்து டீ குடிக்கும்போது, நிமி மேடையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக் கேட்டாள். அவன் கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஷிஜி சமைக்கயில ரெண்டும் அங்கனதான் இருக்கும். மடியில பூனை, கையில புஸ்தகம். 'ஒரு கங்காணி பத்தாதுன்னு எனக்கு ரெண்டு கங்காணி'ம்பா."

"இத ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"அவ பேச்ச எடுத்தா ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு…"

"நல்லா பாத்தீக சங்கடத்த" என்றாள் ஜோதி. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அவன் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கழுவப் போனாள்.

மறுநாள் கூழாங்கற்களை முற்றத்தில் கொட்டினாள். டப்பாவைக் கழுவி அதில் நெத்திலிக் கருவாடு போட்டு வைத்தாள். ஷைஜுவிடம் சொல்லி விறகடுப்புக்கு மறுபக்கச் சுவரில், மேடையைவிட ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகை அடிக்கச் செய்தாள். கங்காணிக்கு உயரமும் வேண்டும், சூடும் வேண்டும், வேலை செய்கிறவளைப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் இறங்கு இறங்கு என்றால் அது எங்கேதான் போகும்? மேடையின் மூலையிலிருந்த எண்ணெய்த் தூக்கையும் உப்பு ஜாடியையும் எடுத்து ஒதுக்கினாள். சிமெண்டு குளிருமே என்று ஒரு சாக்கை மடித்து, பழைய சேலைத் துணியால் உறை தைத்து அங்கே போட்டாள். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை இன்னும் தூரம் போய்விடுவாளோ என்று பயம்.

பூனை லேசில் மசியவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. ஜோதி ஒரு நெத்திலியைப் பலகையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். மேடையில் ஏறினால் சத்தம் போடாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் விட்டாள். முதலில் கையைப் பிறாண்டியது. கார்த்திகை முழுக்க இதே கதைதான். கையெல்லாம் கீறலோடு போனவளைப் பார்த்து மலையில் பெண்கள், "ஏட்டி, பூனையோட குடித்தனம் நடத்துதியா, புருஷனோடயா?" என்று சிரித்தார்கள். பிறகு ஒருநாள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு சத்தம். அதன்பின்னால் நெத்திலியை மெல்லும் சத்தம். வெங்காயம் நல்லதாகப் போயிற்று, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்தது.

அதற்கப்புறம் மேடையில் மண்காலடி விழவில்லை, அவள் இல்லாத நேரத்திலும்கூட. ஆனால் மூலையில் கிடந்த மடித்த சாக்கும் போட்டது போட்டபடியே கிடந்தது. தினமும் சாயங்காலம் வந்ததும் ஜோதி அதைத்தான் முதலில் பார்ப்பாள். அமுங்கின சுவடே இருக்காது. பூனை வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை.

பரீட்சை முடிந்தது. சந்தனமேரி ஜீப்பில் வந்து இறங்கினாள். முன்னறையில் உட்கார்ந்து, "என்னா ஜோதி, இப்படி எளச்சுப்போயிட்ட!" என்று அன்பாகவே கேட்டாள். நிமியின் பை கதவோரத்தில் தயாராக இருந்தது. பக்கத்தில் மூடிபோட்ட மூங்கில்கூடை. ஷைஜு வாசலில் போய் நின்றுகொண்டான். ஜோதி, "இருங்கக்கா, சூடா ரெண்டு தோசை தின்னுட்டுப் போங்க" என்று சமையலறைக்குள் வந்துவிட்டாள். அழுகையை அடுப்படியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான்.

கல் காய்ந்துகொண்டிருந்தபோது நிமி கூடையோடு உள்ளே வந்தாள், பூனையை எடுத்துப் போக. கங்காணி பலகையில் நாலு காலையும் உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தது. நிமி கையை நீட்டினாள். அது அந்தக் கையை ஒருமுறை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. எழுந்திருக்கவில்லை. நிமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜோதி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்கு ஒன்னைய எறங்கச் சொல்லல பிள்ள. பூனையத்தான் சொன்னேன்."

"தெரியும்." நிமி கூடையின் மூடியைத் திறந்து மூடியபடி, "ஆனா தகரச் சத்தம் எனக்கும் கேக்கும்ல" என்றாள்.

ஜோதி தோசைக்கல்லில் எண்ணெயைத் தடவினாள். "கேட்டிருக்கும்" என்றாள். "தப்பு எம்மேலதான். நீ இங்கனயே இருக்கணும்னு எனக்கு ஆசை. போகணும்னாலும் போ, தடுக்க மாட்டேன். அந்த மூலை ஒன்னோடதுதான். சாக்கு போட்டிருக்கேன், குளுராது."

ஜோதி மாவை ஊற்றினாள். கல்லில் அது இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னறையிலிருந்து சந்தனமேரி, "நிமி, பூனைய எடுத்தாச்சா? ஜீப்புக்காரன் சத்தம் போடுதான்" என்றாள்.

கூடையைக் கீழே வைக்கும் சத்தம். இரண்டு உள்ளங்கைகள் சிமெண்டில் ஊன்றும் சத்தம். ஜோதி திரும்பவில்லை. வெங்காயம் அரிந்த நாட்களில் கற்றுக்கொண்ட பொறுமை அது.

"இரு பெரியம்மா" என்றது குரல், மிகப் பக்கத்திலிருந்து. "தோசை வேகுது."

டக் என்றது அலமாரிக் கதவு. சற்று நிறுத்தி, மறுபடியும் டக். பலகையில் கங்காணி ஒரு கண்ணை மட்டும் திறந்து, மேடையில் ஏறியவளைப் பார்த்தது. பிறகு அடுப்படியில் நிற்கிறவளைப் பார்த்தது. இரண்டு கங்காணிகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஜோதி அடுத்த தோசைக்கு மாவை எடுத்தாள். அது வட்டமாக வரவில்லை.