நான்கு என்று எழுதியவர்கள்

விடைத்தாள் திருத்தும் முகாமில் வேதியியல் டீச்சர் நாற்பத்தொரு தாளை முடித்துக் கட்டாகக் கொடுத்திருந்தாள். இடுப்பு கழன்று தனியாகக் கிடப்பதுபோல் இருந்தது. கையிலிருக்கும் கடைசித் தாளும் முடிந்தால் நான்கு மணிப் பேருந்தைப் பிடித்து வீட்டில் போய்க் காலை நீட்டலாம். அதற்குமேல் அவளுக்கு உலகத்தில் ஒரு ஆசையும் கிடையாது.

பதினேழாம் கேள்வி. காரீய நைட்ரேட்டைச் சூடாக்கினால் நடக்கும் சிதைவு வினையைச் சமன்படுத்த வேண்டும், இரண்டு மதிப்பெண். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு முன்னால் அந்தப் பிள்ளை நான்கு போட்டிருந்தது. மேலிடத்து விடைக்குறிப்பில் இரண்டு. டீச்சரின் கை தன்பாட்டில் சிவப்பில் சுழித்து, பக்கத்தில் 'எண்ணிப் பார்' என்றும் எழுதிவிட்டது. விடைத்தாளில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது. இருபது வருஷம் நோட்டுத் திருத்திய கை விதியை எங்கே கேட்கிறது?

அப்புறம்தான் ஓரத்துப் பென்சில் கிறுக்கலைப் பார்த்தாள். நைட்ரஜன் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு. ஆக்சிஜன் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அந்தப் பிள்ளை எண்ணித்தான் பார்த்திருந்தது.

டீச்சர் விரல்விட்டு எண்ணினாள். தப்பு விடைக்குறிப்பில். எந்தப் புண்ணியவான் தயாரித்தானோ. ஆனால் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற சமன்பாட்டை, காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளியது அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

முகாம் அதிகாரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"சார், நான் குடுத்த கட்டு திரும்ப வேணும். விடைக்குறிப்பு தப்பு."

அவர் தாளையும் குறிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சீல் வெச்சாச்சு டீச்சர். பிரிச்சா நான் அறிக்கை எழுதணும், நீங்க விளக்கம் எழுதணும். குறிப்புல இருக்கறபடிதானே போட்டீங்க? உங்க மேல தப்பு வராது."

வராதுதான். பேசாமல் படியிறங்கினால் பேருந்து கிடைக்கும். கால்கள் அதைத்தான் கெஞ்சின.

"ரெண்டு மார்க்குல ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிடும் சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டுச் சாவியை எடுத்தார். "அப்ப எல்லார் கட்டையும்தான் பிரிக்கணும்."

கிளம்பிய கூட்டம் அப்படியே நின்றது. எதிர் மேசைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நாளைக்குக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்று முனகிக்கொண்டே அவரும் உட்கார்ந்தார்.

கட்டைப் பிரித்தாள். நான்கு என்று எழுதியவர்கள் இருபத்து மூன்று பேர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் கையெழுத்தில் 'எண்ணிப் பார்'. தன் எழுத்தைத் தானே அடித்து, இரண்டு போட்டு, சுருக்கொப்பமிட்டாள். ஆறு பேர் இரண்டு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அதைப் பிடுங்கவும் வேண்டியிருந்தது.

பத்தொன்பதாவது தாளின் மொத்தம் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். அதில் 'எண்ணிப் பார்' என்பதன் கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருந்தாள்.

வெளியே நான்கு மணிப் பேருந்து புறப்படும் சத்தம் கேட்டது. டீச்சர் அந்தக் கோடுகளை அடித்து, மேலே முப்பத்தைந்து என்று எழுதினாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணாக மறுபடி எண்ணிப் பார்த்தாள்.